வெயிட் தூக்க பர்சனல் ட்ரெய்னர் வைக்கப் போறவங்களுக்கு, முதல் நாள்ல இருந்து முழு வழிகாட்டி

எங்க அம்மா 72 வயசுல மும்பை செம்பூர் வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. டாக்டர் எக்ஸ்ரேவை காட்டிட்டு என்னை ஒரு பார்வை பாத்து உங்களுக்கு என்ன வயசுன்னு கேட்டார், 47ன்னேன். இப்பவே தொடையில பலத்தை சேத்து வைங்கம்மா, வாக்கிங் மட்டும் பத்தாதுன்னு சொன்னார். பீரியட்ஸ் நிக்கற காலத்துல பெண்களுக்கு எலும்பு வேகமா தேய ஆரம்பிக்கும், தசையும் வயசோட சேர்ந்து கரையும், இது ரெண்டையும் பிடிச்சு நிறுத்த எடை தூக்கற பயிற்சி வேணும். உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் பெரியவங்க எல்லாரும் வாரத்துல குறைஞ்சது 2 நாள் தசைக்கு பலம் தர்ற பயிற்சி செய்யணும்னுதான் இருக்கு, 65 வயசுக்கு மேல இருந்தா அது கூட தடுமாறாம நிக்கற பயிற்சியும் வாரத்துக்கு 3 நாள்.

சரின்னு பக்கத்துல ஒரு ஜிம்ல சேந்தேன். அங்க குடுத்த ட்ரெய்னர் முதல் நாளே 100 ஸ்குவாட், அதாவது உக்காந்து எழறது, போட வச்சார், மூணாவது நாள் நீள இரும்பு பாரை குடுத்து டெட்லிஃப்ட், அதாவது தரையில இருந்து குனிஞ்சு தூக்குங்கன்னார், என் முதுகு வில்லு மாதிரி வளைஞ்சத அவர் பாக்கவே இல்ல, போன்ல இருந்தார். இடுப்புல சுருக்குனு பிடிச்சுது, அவர்கிட்ட சொன்னேன், "பஹ்லே பஹ்லே ஹோதா ஹை"ன்னார், அதாவது ஆரம்பத்துல அப்படித்தான் இருக்குமாம். அஞ்சு வாரம் ஹார்பர் லைன் ட்ரெயின்ல நின்னுட்டு ஃபோர்ட் வரைக்கும் ஆபீஸ் போக முடியாம அவஸ்தைப்பட்டேன். அதுக்கப்புறம் கிடைச்சது இப்ப இருக்கற ட்ரெய்னர், சாத்தாரா பக்கத்து பொண்ணு, 27 வயசு, என்னை "தாயி"ன்னு கூப்பிடுவா, மராத்தியில அது அக்கா, ஆனா எங்க நெல்லைக் காதுக்கு அது அம்மான்னு விழும், ரெண்டுமே எனக்கு பிடிச்சிருக்கு. ரெண்டு வருஷமா அவகிட்ட கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன். மும்பைல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு, முக்கியமா இந்தி அரைகுறையா பேசற நம்ம அம்மா அப்பா வயசுக்காரங்களுக்கு, இது ரொம்ப தேவைன்னு நினைக்கறேன்.

படி 1: ட்ரெய்னருக்கு முன்னாடி டாக்டர்

40 வயசு தாண்டினவங்க, பிபி சுகர் இருக்கறவங்க, ஏற்கனவே முதுகு முட்டி பிரச்சனை இருக்கறவங்க மொதல்ல உங்க டாக்டர்கிட்ட "எடை தூக்கற பயிற்சி ஆரம்பிக்கப் போறேன், எதை செய்யக் கூடாது"ன்னு நேரா கேளுங்க. "எக்ஸர்சைஸ் பண்ணலாமா"ன்னு பொதுவா கேட்டா எல்லா டாக்டரும் பண்ணுங்கன்னுதான் சொல்வாங்க.

பிபி 180/110க்கு மேல நிக்குதுன்னா மொதல்ல அதை மருந்துல கட்டுப்படுத்திட்டுத்தான் எடை. சுகர்காரங்க கண்ணை பரிசோதிச்சுக்கணும், ஏன்னா விழித்திரையில புது ரத்தக்குழாய் முளைச்சு கசியற நிலைமை இருந்தா மூச்சடக்கி முக்கறது கண்ணுக்குள்ள ரத்தம் கசிய வச்சிடும். 2023ல வந்த ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட இண்டியாப் ஆய்வு, நம்ம சென்னை மெட்ராஸ் டயாபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னால நின்னு நடத்தினது, இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய்னு சொல்லுது, அதனால இது யாருக்கோன்னு நினைச்சு தாண்டிப் போகாதீங்க. இன்சுலினோ சுகரை கீழ இறக்கற மாத்திரையோ எடுக்கறவங்க ஜிம்முக்கு முன்னாடி ஒரு தடவை குத்திப் பாருங்க, 90க்கு கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டு போங்க, பையில குளுக்கோஸ் இருக்கட்டும், அது எந்த ஜிப்ல இருக்குன்னு ட்ரெய்னருக்கும் தெரியட்டும். ஹெர்னியா, சமீபத்துல கண்புரை ஆபரேஷன், பிரசவம் ஆகி சில மாசம்தான் ஆச்சுங்கறது, ஆஸ்டியோபோரோசிஸ்னு சொல்ற எலும்பு தேய்மானம், இது எல்லாத்தையும் டாக்டர்கிட்டயும் சொல்லணும் ட்ரெய்னர்கிட்டயும் சொல்லணும். எலும்பு ரொம்ப தேஞ்சவங்க எடையோட முதுகை முன்னால வளைக்கவே கூடாது.

படி 2: ஆளைப் பாத்து எடுங்க

டாக்டர் மாதிரி ட்ரெய்னரா வேலை பாக்க சட்டப்படி பதிவு கட்டாயம்னு நம்ம நாட்டுல இல்ல. உடம்பு நல்லா இருக்கற யார் வேணா டீஷர்ட் போட்டுட்டு நிக்கலாம், அதனால தேடற வேலை நம்மளோடது. ஏசிஇ, ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ மாதிரி சர்டிஃபிகேட் இருக்கா, அது இன்னும் காலாவதி ஆகாம இருக்கா, சிபிஆர் பயிற்சி எடுத்திருக்காங்களான்னு கேளுங்க. கேக்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் கிடையாது, நல்ல ட்ரெய்னர் சந்தோஷமா போன்ல எடுத்துக் காட்டுவாங்க.

ஆனா சர்டிஃபிகேட்டை விட நான் நம்பறது வேடிக்கை பாக்கறதை. சாயங்காலம் 7 மணிக்கு, ஜிம் நிரம்பி வழியற நேரத்துல போய் அரை மணி நேரம் ஓரமா உக்காந்து பாருங்க. அந்த ட்ரெய்னர் கண்ணு எங்க இருக்கு, பயிற்சி நடக்கும்போது போனை பாக்கறாரா, 60 வயசு ஆளுக்கும் 22 வயசு பையனுக்கும் ஒரே பயிற்சி குடுக்கறாரா, யாராவது நிறுத்தறேன்னு சொன்னா என்ன பதில் சொல்றார். அந்த கடைசி ஒண்ணுதான் எனக்கு எல்லாத்துக்கும் மேல. வலிக்குதுன்னு சொல்றவங்களையும் "ஏக் அவுர், ஏக் அவுர்", இன்னும் ஒண்ணு இன்னும் ஒண்ணுன்னு தள்றவங்ககிட்ட உங்க உடம்பை குடுக்காதீங்க.

காசு விஷயத்துல ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டாதீங்க. மாசக் கணக்குல ஆரம்பிங்க, நடுவுல உடம்பு முடியலன்னா, ட்ரெய்னர் வேலையை விட்டுட்டா மிச்ச செஷன் என்ன ஆகும்னு எழுத்துல வாங்குங்க, வாட்ஸ்அப்ல இருந்தாக்கூட போதும்.

படி 3: முதல் செஷன்ல என்ன நடக்கணும்

என் இப்போதைய ட்ரெய்னர் முதல் நாள் என்னை எடையே தொட விடல. 20 நிமிஷம் கேள்வி மட்டும்தான். என்ன மாத்திரை, எந்த ஆபரேஷன், எத்தனை மணி நேரம் தூக்கம், ட்ரெயின்ல நின்னுட்டு போறீங்களா உக்காந்தா, வீட்டுல கனமான வேலை எது, குழந்தை பிறந்தது நார்மலா சிசேரியனா, நெஞ்சு வலியோ மயக்கமோ எப்பவாவது வந்திருக்கான்னு. அப்புறம் நாற்காலியில உக்காந்து எழச் சொன்னா, ஒரு கால்ல நிக்கச் சொன்னா, கையை தலைக்கு மேல தூக்கச் சொன்னா, சுவத்துல கை வச்சு தண்டால் மாதிரி தள்ளச் சொன்னா, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதினா. நான் அஞ்சு வாரம் முதுகு வலியில கிடந்த கதையை சொன்னப்ப பேனாவை வச்சுட்டு, எந்த இடம், தொட்டுக் காட்டுங்கன்னா. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா முன்னாடி யாரும் கேக்கல.

உங்க குறிக்கோளையும் அன்னிக்கே சொல்லிடுங்க, ஆனா கிலோ கணக்குல வேண்டாம், வேலை கணக்குல சொல்லுங்க. 20 லிட்டர் தண்ணி கேனை நானே கவுக்கணும், பேரனை தூக்கணும், தாதர் பிரிட்ஜ் படியில மூச்சு வாங்காம ஏறணும், இப்படி. அதை வச்சுத்தான் பயிற்சியை அமைக்க முடியும்.

படி 4: அஞ்சு அசைவு, அதுல குனியறது முதல்ல

ஜிம்ல ஆயிரம் மெஷின் இருந்தாலும் ஆரம்பத்துக்கு அஞ்சு அசைவு போதும். உக்காந்து எழறது, குனிஞ்சு தூக்கறது, தள்றது, இழுக்கறது, சுமந்து நடக்கறது. நம்ம பாட்டனுங்க போட்ட பஸ்கியும் தண்டாலும் இதுக்குள்ளதான் வருது. செம்பூர் ஸ்டேஷன் மார்க்கெட்ல ரெண்டு கையிலயும் காய்கறி பையோட நிமிந்து நடந்து வர்றது கூட பயிற்சிதான், ஜிம்ல அதுக்கு ஃபார்மர்ஸ் வாக்னு பேரு.

இதுல குனியறதை கொஞ்சம் விரிவா சொல்றேன், முக்கால்வாசி முதுகுப் பிடிப்பு இங்கதான் ஆரம்பிக்குதுன்னு என் அனுபவம். எடை எதுவும் இல்லாம, வீட்டுல இருக்கற மாப் குச்சியை எடுத்து முதுகோட நேரா வச்சுக்குங்க, ஒரு கை கழுத்துக்கு பின்னால பிடிக்கணும், இன்னொரு கை இடுப்புக்கு பின்னால. குச்சி மூணு இடத்துல உடம்பை தொடணும்: பின்மண்டை, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல, கீழ வால் எலும்பு. இப்ப முட்டியை லேசா மடக்கி, பின்பக்கத்தை பின்னால தள்ளுங்க. ரெண்டு கையிலயும் மளிகைப் பை இருக்கும்போது ஃபிரிட்ஜ் கதவை பின்பக்கத்தால சாத்துவோமே, அதே அசைவு. குச்சி மூணு இடத்தையும் விடாம எவ்வளவு தூரம் குனிய முடியுதோ அவ்வளவுதான் இன்னிக்கு உங்க எல்லை. வால் எலும்புல இருந்து குச்சி விலகுதுன்னா முதுகு வளைஞ்சுடுச்சு, அங்க நிறுத்திட்டு எழுங்க. நான் இதையே மூணு செஷன் செஞ்சேன், முதல்ல குச்சி என் பின்மண்டையில நிக்கவே இல்ல, ஏன்னா குனியும்போது கண்ணாடியை பாக்க தலையை தூக்கிட்டே இருந்தேன், அவ ஒவ்வொரு தடவையும் என் முன்னால தரையில ஒரு தண்ணி பாட்டிலை வச்சு அதை பாருங்க தாயின்னு சொல்லி சொல்லியே சரி பண்ணா. அதுக்கப்புறம்தான் 8 கிலோ கெட்டில்பெல், கைப்பிடி வச்ச இரும்புக் குண்டு, கைக்கு வந்துச்சு.

எங்க ஊர்ப்பக்கம் இளவட்டக்கல் தூக்கறவங்களை பாத்திருக்கீங்களா? கல்லை கையை நீட்டி யாரும் தூக்க மாட்டாங்க. கீழ உக்காந்து கட்டிப்பிடிச்சு, தொடைக்கு கொண்டுவந்து, நெஞ்சோட அணைச்சு, அங்க இருந்து தோளுக்கு ஏத்துவாங்க. எடை உடம்பை ஒட்டி இருக்கற வரைக்கும் முதுகுக்கு பாரம் கம்மி, தள்ளிப்போகப் போக கூடும். டெட்லிஃப்ட்ல பார் காலை உரசற மாதிரி வரணும்னு ட்ரெய்னர் சொல்றதும் இதுக்குத்தான்.

மூச்சு விஷயம்: கஷ்டமான பாதியில வெளிய விடணும், இறக்கும்போது உள்ள இழுக்கணும். என் ட்ரெய்னர் "சாஸ் சோடோ"ன்னு கத்துவா, மூச்சை விடுங்கன்னு அர்த்தம். மூச்சை அடக்கி முக்கினா அந்த நொடியில பிபி சர்ர்னு ஏறும், பழக்கப்பட்டவங்க பெரிய எடைக்கு தெரிஞ்சே கொஞ்சம் அடக்குவாங்க, ஆனா பிபி இருக்கறவங்களும் புதுசா வந்தவங்களும் அந்தப் பக்கம் போக வேண்டாம். வயித்தை மட்டும் இறுக்கி வைங்க, குழந்தை விளையாட்டா வயித்துல குத்த வந்தா தானா இறுகுமே, அந்த அளவு.

படி 5: எவ்வளவு எடை, எப்ப ஏத்தறது

ஒரு செட், அதாவது நிறுத்தாம செய்யற ஒரு சுத்து, முடிஞ்சதும் ட்ரெய்னர் கேக்க வேண்டிய கேள்வி, இன்னும் எத்தனை முடியும்? ஆரம்பிச்சு முதல் சில மாசம் இன்னும் 2, 3 முடியும்ங்கற இடத்துல நிறுத்திடணும். கை நடுங்கி முகம் கோணி தூக்கற கடைசி தடவைலதான் தூக்கற முறை குலையும், அடி படறதும் அங்கதான். 2 செட், 8ல இருந்து 12 தடவை, வாரம் 2 நாள், நடுவுல ஒரு நாளாவது இடைவெளி, இதுவே புதுசா வர்றவங்களுக்கு நல்லா போதும்.

ஏத்தும்போது மொதல்ல தடவையை ஏத்துங்க, அப்புறம் எடையை. 8 தடவை தூக்கற டம்பெல்லை 12 தடவை சுத்தமா ரெண்டு செஷன் தொடர்ந்து தூக்கிட்டா அடுத்த டம்பெல். இங்க ஒரு கணக்கை கவனிங்க, நிறைய ஜிம்ல டம்பெல் 2.5, 5, 7.5ன்னு அடுக்கி வச்சிருப்பாங்க, 2.5ல இருந்து 5ன்னா பாத்தா சின்ன தாவல்தான், ஆனா உங்க தோளுக்கு அது ரெட்டிப்பு. 5ல இருந்து 7.5 போனாலும் பாதி பங்கு கூடுது. அதனால புது டம்பெல்லுக்கு போகும்போது தடவையை 6, 7க்கு இறக்கிடணும், அதே 12 போடுங்கன்னு சொன்னா மறுத்துடுங்க. பாருக்கும் எடை உண்டு, ஒலிம்பிக் பார்னா ஆண்களோடது 20 கிலோ, பெண்களோடது 15 கிலோ, அதை கணக்குல சேக்காம மாட்டற எடைத் தட்டை மட்டும் எண்ணறவங்களை நிறைய பாக்கறேன். பல ஜிம்ல 10 கிலோ பக்கம் வர்ற சின்ன பாரும் இருக்கும், கேட்டு வாங்குங்க.

படிப்படியா எடை ஏத்தறது ஒண்ணும் ஜிம்காரங்க கண்டுபிடிச்ச ஃபேஷன் இல்ல, 1940கள்ல தாமஸ் டிலோர்ம்னு ஒரு அமெரிக்க ராணுவ டாக்டர் கால்ல அடிபட்ட சிப்பாய்களை எழுப்பி நடக்க வைக்க பயன்படுத்தின வைத்தியம் அது, இன்னிக்கு நம்ம போடற 10 தடவை 3 செட் கணக்கும் அவர் வழியா வந்ததுதான். வைத்தியம்ங்கறதால அளவு முக்கியம்.

எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க, தேதி, பயிற்சி, எடை, தடவை, அன்னிக்கு தூக்கம், வலி. நோட்டு உங்க கையில இருக்கட்டும், ஜிம் ஆப்ல மட்டும் வேண்டாம், ட்ரெய்னருங்க ஜிம் மாறிட்டே இருப்பாங்க, புது ஆள் வந்தா இந்த நோட்டுதான் உங்களுக்காக பேசும். என் நோட்டுல முதல் வாரம் "நாற்காலி ஸ்குவாட், எடை இல்ல, 2 செட் 8"ன்னு இருக்கு, நாலாவது மாசம் நெஞ்சோட 12 கிலோ டம்பெல் பிடிச்சு ஸ்குவாட், ரெண்டு வருஷத்துல டெட்லிஃப்ட் 40 கிலோ. மெதுவா தெரியலாம், ஆனா நடுவுல ஒரு வாரம் கூட வலியால லீவு போடல.

படி 6: வலியை சரியா சொல்றது

இந்த ஒரு படிக்காகத்தான் மொத்தமா எழுத உக்காந்தேன். தமிழ்ல நமக்கு வலிக்கு எத்தனை வார்த்தை இருக்கு, குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, பிடிச்சிருக்கு, விண் விண்ணுங்குது, மரத்துப் போகுது, ஒவ்வொண்ணும் வேற வேற. ஆனா மும்பை ஜிம்ல போய் நின்னதும் எல்லாமே "தர்த்"ங்கற ஒரே இந்தி வார்த்தைக்குள்ள அடங்கிடுது, அங்க இருக்கற ட்ரெய்னர் பையனும் எல்லா தர்துக்கும் ஒரே பதிலா "கோயி பாத் நஹி", பரவாயில்லங்கறான். நானும் அன்னிக்கு சுருக்குனு பிடிச்சதுன்னு சொல்லத் தெரியாம தர்த்னுதான் சொன்னேன். அதனால எந்த வலிக்கு எந்த இந்தி வார்த்தைன்னு கீழ சொல்றதை வீட்டுல அம்மா அப்பாவுக்கும் சொல்லிக் குடுங்க.

தசைக்கு நடுவுல எரியுது, கடைசி ரெண்டு மூணு தடவைல, நிறுத்தினா அரை நிமிஷத்துல போயிடுது, இது "ஜலன்", பயப்பட வேண்டாம். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது ரெண்டு தொடையும் பிடிச்ச மாதிரி இருக்கு, இது "அக்கடன்", ஒரு நாள்ல இருந்து மூணு நாளைக்குள்ள உச்சத்துக்கு போய் தானா குறையும், அதுவும் சரிதான், அடுத்த செஷன் கொஞ்சம் லேசா போகலாம்.

மூட்டுக்குள்ள, ஒரே ஒரு கோணத்துல சுருக்குனு குத்துது, ஒரு பக்கம் மட்டும், இது "சுபன்". அந்த பயிற்சியை அங்கயே நிறுத்தணும், கோணத்தை குறைச்சோ எடையை குறைச்சோ பாத்து அப்பவும் குத்துனா அன்னிக்கு அது கிடையாது. இடுப்புல ஆரம்பிச்சு தொடை வழியா கீழ இறங்கற மின்சாரம் மாதிரி வலி, பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி, மரத்துப் போறது, இதுக்கு "ஜுன்ஜுனி", "சுன்", இந்த வார்த்தையை சொன்னா நல்ல ட்ரெய்னர் உடனே நிறுத்திட்டு டாக்டரை பாக்கச் சொல்வாங்க, சொல்லலன்னா நீங்களே நிறுத்திட்டு போங்க. ரெண்டு கால்லயும் பலம் போற மாதிரி இருந்தாலோ சிறுநீர் மலம் போறதுல உணர்வு தெரியலன்னாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் வரைக்கும் பாக்கக் கூடாது. தலை கிர்ர்னு சுத்துதுன்னா "சக்கர்", நின்னுட்டே சமாளிக்காம தரையில உக்காந்துடுங்க.

பெண்கள் வெளிய சொல்லாத இன்னொண்ணு இருக்கு. எடை தூக்கும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் சொட்டு போறது. பிரசவம் ஆனவங்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்றது, ஆனா பொறுத்துக்க வேண்டியது இல்ல. பெண் ட்ரெய்னர்னா நேரா சொல்லுங்க, மூச்சு விடற விதத்தையும் எடையையும் மாத்தினா நிறைய குறையும், சிறுநீர்ப்பையை கீழ இருந்து தாங்கற இடுப்புத் தள தசைக்குன்னே பிஸியோதெரபிஸ்ட் இருக்காங்க, அவங்ககிட்ட போகலாம். நான் ஆறு மாசம் சொல்லாம கறுப்பு பேன்ட் மட்டும் போட்டுட்டு போனேன், சொன்ன வாரமே வழி கிடைச்சுது.

நெஞ்சுல பாரம் வச்ச மாதிரி, தாடைக்கோ இடது கைக்கோ பரவற வலி, சில்லுனு வேர்வை, காரணம் இல்லாத மூச்சிரைப்பு, குமட்டல், இதுல எது வந்தாலும் நிறுத்தணும், 108க்கு அடிக்கணும். பெண்களுக்கும் சுகர்காரங்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாம கூட மாரடைப்பு வரும், கேஸ்னு சொல்லி இஞ்சி கஷாயம் குடிச்சுட்டு உக்காராதீங்க. கடுமையான பயிற்சிக்கு அப்புறம் தசை வீங்கி, மூத்திரம் கருப்பட்டி காப்பி நிறத்துல போனா தசை சிதைஞ்சு கிட்னியை அடைக்குதுன்னு அர்த்தம், அதுவும் அவசரம்தான். முதல் நாளே 100 ஸ்குவாட் போட வைக்கறதை நான் இவ்வளவு எதிர்க்கறதுக்கு காரணம் இதுதான்.

என் ட்ரெய்னர் ஒவ்வொரு பயிற்சிக்கும் வலி பத்துக்கு எத்தனைன்னு கேப்பா. 3 வரைக்கும் இருந்து மறுநாள் காலையில அடங்கிட்டா தொடரலாம், அதுக்கு மேல போனாலோ மறுநாளும் இருந்தாலோ குறைக்கணும். அம்மா எப்பவும் ஒண்ணும் இல்லம்மான்னு சொல்ற ஆளு, அவங்ககிட்ட நம்பர் கேட்டா மட்டும்தான் உண்மை வரும்.

படி 7: தொடறது, பிடிக்கறது, கழட்டி வைக்கறது

தூக்கற முறையை திருத்த ட்ரெய்னர் தொட வேண்டி வரலாம். தொடறதுக்கு முன்னாடி கேக்கணும், எங்க தொடப் போறேன்னு சொல்லணும், நீங்க வேண்டாம்னா வாயால சொல்லித் திருத்தணும், முழுசா இவ்வளவுதான். முதல் நாளே "என்னை கேக்காம தொடாதீங்க"ன்னு சொல்லிடுங்க, அதுல முகம் சுருங்கற ஆளு நமக்கு வேண்டாம்.

பெஞ்ச்ல படுத்து பாரை மேல தள்ற பெஞ்ச் பிரஸ் மாதிரி முகத்துக்கு மேல எடை வர்ற பயிற்சியில தலைக்கு பின்னால ஒரு ஆள் ரெண்டு கையும் தயாரா நிக்கணும், எத்தனை தடவைன்னு முன்கூட்டியே பேசிக்கணும். கட்டை விரல் பாரை சுத்திப் பிடிச்சிருக்கணும், கட்டை விரலை விட்டுட்டு பிடிச்சா பார் உருண்டு நேரா நெஞ்சுல விழலாம். ஸ்குவாட்டை ரேக்குக்குள்ள, அதாவது பாரை தாங்கற இரும்பு சட்டத்துக்குள்ள செய்யுங்க, பாதுகாப்பு கம்பி நீங்க உக்கார்ற அளவுக்கு ஒரு பிடி கீழ இருக்கட்டும்.

துப்பட்டா வேண்டாம். வளையல், மோதிரம் கழட்டிடுங்க, தாலிச் செயினை கழட்ட மனசில்லன்னா உள்ள போட்டு டீஷர்ட்டை மேல இழுத்துக்குங்க, கேபிள் மெஷின்ல செயின் மாட்டி ஒரு அம்மா கழுத்துல கோடு விழுந்ததை கண்ணால பாத்தேன். ஷூ அடிப்பாகம் தட்டையா இருக்கணும், ஓடறதுக்கான மெத்து மெத்துன்னு இருக்கற ஷூவுல எடையோட நின்னா கால் ஆடும்.

படி 8: சாப்பாடு, பவுடர், ஊசி

ஐசிஎம்ஆர் 2020 கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன் தினசரி தேவை, எடை தூக்கறவங்க 1.2ல இருந்து 1.6 வரைக்கும் போகலாம். நான் 60 கிலோ, எனக்கு 72 கிராமாவது வேணும். முட்டை ஒண்ணுக்கு 6 கிராம், பனீர் 100 கிராம்ல 18 பக்கம், அப்புறம் பருப்பு, சுண்டல், தயிர், மீன். இட்லி சாம்பார்ல சாம்பாரை தண்ணியா வைக்காம பருப்பை கெட்டியா போட்டாலே வித்தியாசம் தெரியும். கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டர் சொல்ற அளவை தாண்டக் கூடாது.

பவுடர் கட்டாயம் இல்ல. வாங்கினா டப்பாவுல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம நம்பர் பாத்து நீங்களே கடையில வாங்குங்க, ட்ரெய்னர் பையில இருந்து எடுத்துத் தர்றதை வாங்காதீங்க. ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை போட்டா தசை "சீக்கிரம் வரும்"னு யாராவது சொன்னா அன்னியோட அந்த ஆளை விடுங்க, இளசா இருக்கற பசங்க கிட்டதான் இதை தள்றாங்க, இதயத்துக்கும் ஈரலுக்கும் ஆபத்து, ஆம்பளைங்களுக்கு குழந்தை பாக்கியத்தையும் கெடுக்கும். உங்க வீட்டுல 18, 20 வயசுல ஜிம் போற பையன் இருந்தா இன்னிக்கே உக்கார வச்சு பேசுங்க.

படி 9: விட்டுட்டு திரும்ப வரும்போது

மழைக்காலத்துல தண்டவாளத்துல தண்ணி நின்னு ட்ரெயின் ஓடாது, பொங்கலுக்கு ஊருக்குப் போனா ரெண்டு வாரம் ஓடிடும், காய்ச்சல் வரும். திரும்ப வந்த அன்னிக்கு விட்ட இடத்துல ஆரம்பிக்கக் கூடாது. ரெண்டு வாரம் போயிருந்தா பழைய எடையில முக்கால் பங்கு, ஒரு மாசத்துக்கு மேலன்னா பாதி, அங்க இருந்து நோட்டை பாத்து ஏறலாம், பழைய இடத்துக்கு முன்னை விட சீக்கிரமே வந்துடுவீங்க. ராத்திரி சரியா தூங்காத நாள்ல எடையை குறைச்சுட்டு போங்க, போகாம இருக்க வேண்டாம்.

ஒரு வருஷம் ஆனதும் ஒவ்வொரு செஷனுக்கும் ட்ரெய்னர் தேவைப்படாது. நான் இப்ப வாரம் ஒரு நாள் அவளோட, ஒரு நாள் தனியா. தனியா செய்யற நாள்ல பக்கவாட்டுல போனை வச்சு வீடியோ எடுத்து அனுப்புவேன், குரல் மெசேஜ்ல திருத்துவா.

படி 10: வீட்டுப் பெரியவங்களுக்கு

ஆபரேஷன் ஆனவங்கன்னா சர்ஜனும் பிஸியோதெரபிஸ்டும் சரின்னு சொன்ன அப்புறம்தான் ட்ரெய்னர். அம்மாவுக்கு ஆறு மாசம் பிஸியோ முடிஞ்சு, எந்தெந்த கோணத்துல இடுப்பை மடக்கலாம்னு எழுதி வாங்கிட்டு, இதே பொண்ணு வீட்டுக்கு வர ஆரம்பிச்சா. கை வச்ச நாற்காலி, சுவத்தை ஒட்டி நகராத மாதிரி, அதுல உக்காந்து எழறதுதான் முக்கிய பயிற்சி. வீட்டுலயே ஒரு சோதனை செஞ்சு பாக்கலாம், நெஞ்சுல கையை கட்டிக்கிட்டு 30 விநாடியில எத்தனை தடவை முழுசா எழுந்து உக்கார முடியுதுன்னு எண்ணுங்க, பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி அளவுப்படி 70ல இருந்து 74 வயசு பெண்ணுக்கு 10க்கு கீழ, ஆணுக்கு 12க்கு கீழ வந்தா விழற ஆபத்து அதிகம். அம்மா ஆரம்பத்துல கையை ஊனாம ஒண்ணு கூட எழ முடியல, அந்த சோதனையில அது பூஜ்யம்னுதான் கணக்கு. இப்ப 74 வயசு, 9 வருது.

முதல் நாள் அந்தப் பொண்ணு என்ன செய்யணும்னு ஆசைன்னு கேட்டப்ப அம்மா, செட்டா நகர் முருகன் கோவில் படி ஏறணும்னு சொன்னாங்க. அதுக்காகவே ஒரு சின்ன மரப்பலகை மேல ஏறி இறங்கற பயிற்சி, சமையல் மேடையை பிடிச்சுக்கிட்டு, முதல்ல ஒரு செங்கல் உயரம், அப்புறம் ரெண்டு. போன தைப்பூசத்துக்கு கூட்டிட்டுப் போனோம், கூட்டம் கம்மியா இருக்கற மத்தியான நேரத்துல. நோட்டுல அன்னிக்கு தேதி போட்டு "படி, கைப்பிடியில ஒரு கை, நடுவுல ரெண்டு தடவை நின்னாங்க, வலி பத்துக்கு 2"ன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ அடுத்த வாரத்துக்கான வேலை: நாற்காலி, 3 செட், 8 தடவை.